கொஞ்சம் தள்ளி ஒரு பஸ் ஸ்டாப்

அந்த மெயின் ரோட்டில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர்தான். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டே ஊர் அதை அழித்துவிட்டது. அவர் மனைவி தானாகவே மாஸ்டரம்மா ஆகிவிட்டார்.

மாஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். "பிரேக்கை ஏன் சார் இப்படி மிதிக்கிறீங்க, அது என்ன உங்க மாமனாரா?" என்பார். "கிளட்ச்சைப் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்ற மாதிரி விடணும். ஒரேயடியா விட்டா மாட்டிக்குவீங்க." கை நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே கியர் மாற்றப் பழகிவிடுவார்கள்.

கீழே ஆபீஸ். ஒரு மேஜை, சாலைச் சின்னங்கள் ஒட்டிய சுவர், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி பாதியாக அறுத்துவைத்த பழைய கியர் பாக்ஸ். மேலே வீடு. வாசலில் பஸ் ஸ்டாப். அது வாசலில் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்றுதான் அந்த இடத்தையே பிடித்தார். பஸ்ஸுக்காக நின்று கால் கடுத்தவனுக்குத்தான் கார் ஆசை வரும் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. காத்திருக்கிற கூட்டம் பொழுது போகாமல் போர்டைப் படிக்கும். படித்தவர்களில் யாராவது உள்ளே வந்து விசாரிப்பார்கள். மாஸ்டர் காரில் ஏற்றி உட்காரவைத்துவிடுவார்.

மாஸ்டரம்மாவின் குரல் அந்தத் தெருவுக்கே தெரியும். மாடி ஜன்னலில் நின்றபடி நாலைந்து கடை தள்ளியிருக்கிற தையல்காரர் வீட்டோடு பேசுவார். பஸ் ஹாரன் அடித்தால் அதற்கு மேல் குரலை ஏற்றுவார், ஹாரன்தான் தோற்றுப்போகும். தையல்காரருக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. உருண்டையாக, கன்னம் உப்பலாக இருந்ததால் மாஸ்டரம்மாதான் அதற்குப் பட்டாணி என்று பட்டப்பெயர் வைத்தார். மாஸ்டர் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. பட்டாணி பாதி நாள் மாஸ்டரம்மா இடுப்பில்தான் வளர்ந்தாள்.

இருமல் எப்போது வந்தது என்று மாஸ்டரால் சொல்ல முடியாது. முதலில் காலையில் மட்டும் வந்தது. அப்புறம் படியேறினால் வந்தது. அப்புறம் ஒரு வாக்கியத்தை முடிக்க மாஸ்டரம்மாவுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. தையல்காரர் மனைவியோடு ஜன்னல் வழியே பேசுவது நின்றது. அந்த வருஷம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்தார்கள். சாத்தியும் பயனில்லை. காலையில் ஈரத்துணியால் துடைத்த ஜன்னல் கட்டை மத்தியானத்துக்குள் மறுபடி கறுத்துவிடும். மாஸ்டரம்மா விரலால் தொட்டுப் புருஷனிடம் காட்டுவார்.

"மண்ணுன்னா தட்டினா போயிடும். இது எண்ணெயில குழைச்ச மை. கண்ணுக்கு இட்டுக்கலாம் போல இருக்கு, பாருங்க."

நுரையீரல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல டாக்டர். நான் டீயே குடிக்க மாட்டேன்," என்றார் மாஸ்டர்.

"வீடு எங்கே?"

சொன்னார். டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார்.

"தும்மினா வெளியில வர்ற தூசி இல்லைங்க இது. வண்டிப் புகையில, டயர் தேயிறதுல, பிரேக்குல வர்றது. கண்ணுக்கே தெரியாது. மூக்கும் தொண்டையும் இதை நிறுத்தாது. நேரா அடியில போய் உக்காந்துக்கும், ரத்தத்துலயும் கலந்துடும். மருந்து தர்றேன், நெபுலைசர் வச்சுக்கோங்க. ஆனா காத்தை நான் மாத்தித் தர முடியாது. வீட்டை மாத்த முடியுமான்னு பாருங்க."

ஆஸ்பத்திரிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது மாஸ்டரம்மா சொன்னார்: "டாக்டர் ரூம் ஜன்னலைப் பார்த்தீங்களா? அதுவும் ரோட்டு மேலதான் இருக்கு. பாவம், அவரு யாருகிட்டக் காட்டுவாரோ."

வீடு பார்க்காமல் இல்லை. உள்ளே தள்ளி இருக்கிற வீடுகள் கைக்கு எட்டவில்லை. எட்டுகிற வீடுகளெல்லாம் இன்னொரு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. கீழே ஆபீஸை விட்டால் சோற்றுக்கு வழியும் இல்லை. தேய்ந்த மனசோடு மாஸ்டர் தினமும் மாடி ஏறினார்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஜினியர் கார் கற்றுக்கொள்ள வந்தார். போக்குவரத்துத் துறையில் பெரிய வேலை. எந்த ரோட்டில் எந்த வண்டி போகலாம், எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்கிறவர்களில் ஒருவர். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்தால் அவர் கையும் காலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. வண்டி குலுங்கி அணைந்துவிடும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள்.

"விடுங்க சார். இந்த சிக்னலை வச்சதே நீங்கதான்னு தெரிஞ்சா இறங்கியே வந்துடுவாங்க," என்று மாஸ்டர் தேற்றுவார். இன்ஜினியருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் வகுப்பு முடிந்து கார் வாசலில் நின்றது. மூன்று பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தன. மேலே மாஸ்டரம்மா இருமுவது கீழே கேட்டது. முடியவே முடியாதோ என்று தோன்றும்படியான இருமல். மாஸ்டருடைய நீளமான வாய் அன்று சுருங்கிவிட்டது.

"சார், உங்களால ஒண்ணு முடியுமா? இந்த ஸ்டாப்பை இங்கேருந்து எடுக்க முடியுமா?"

இன்ஜினியர் இறங்கி, ரோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுக்கலாம் மாஸ்டர். ஆனா எங்கயாவது வைக்கணுமே. அந்தப் பக்கம் சிக்னல், அது கிட்ட வைக்கக் கூடாது. அந்தப் பெரிய துணிக்கடை முன்னாடி வச்சா முதலாளி மேலிடம் வரைக்கும் போயிடுவாரு." அவர் கை மெல்ல நகர்ந்து ஒரு இடத்தில் நின்றது. "அங்க வேணா வைக்கலாம். கொஞ்சம் தள்ளி."

கை நின்ற இடம் தையல்காரர் கடை. முன்னால் கடை, பின்னால் ஒரே ஒரு அறை, சமையல்கட்டு. அவ்வளவுதான் அவர்கள் வீடு. மாஸ்டருக்கு அது தெரியாததல்ல. குழந்தை தூங்குவது பின்னறையில்தானே, கடை நடுவில் மறைவாக இருக்கிறதே என்று மனசு ஒரு காரணத்தை எடுத்து நீட்டியது. மேலே இருமல் இன்னும் நிற்கவில்லை.

"கொஞ்சம் தள்ளினா போதும் சார்," என்றார்.

இன்ஜினியர் வாக்குத் தவறாதவர். லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் ஸ்டாப் நகர்ந்துவிட்டது. ஆட்கள் வந்து கம்பத்தைப் பிடுங்கி, கொண்டுபோய் அங்கே நட்டார்கள். தெருவே மாஸ்டரை மெச்சியது. மொபைல் கடைக்காரர், "பலே ஆளு மாஸ்டர் நீங்க," என்று கை குலுக்கினார். தையல்காரரும் ஓடிவந்தார், முகமெல்லாம் பல்லாக.

"அண்ணே, யோகம் அடிச்சிருச்சு! பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க, ஓரம் அடிச்சுக் குடுங்க, ஜிப் மாத்திக் குடுங்கன்னு கொண்டாந்து குடுக்குறாங்க. கை ஓயல அண்ணே."

மாஸ்டர், "சந்தோஷம் தம்பி," என்றார்.

மாஸ்டரம்மா வெகு காலத்துக்கப்புறம் ஜன்னலைத் திறந்தார். கீழே கூட்டம் இல்லை, உறுமல் இல்லை. இருமல்கூடக் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. தணிந்ததோ, இல்லை தணிந்ததாக இரண்டு பேரும் நினைக்க ஆசைப்பட்டார்களோ. நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தார்.

"எங்க கொண்டுபோய் வச்சாங்க?"

"கொஞ்சம் தள்ளி."

அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஒன்று போய் நின்றது. நின்ற இடம் தெரிந்தது.

"பட்டாணி அங்கதான இருக்கா," என்றார்.

"அவங்க ரூம் பின்னாடிதானே."

"ம்." மாஸ்டரம்மா எழுந்துகொண்டார். ஜன்னலைச் சாத்தவும் இல்லை, அதற்கப்புறம் அன்று முழுக்க அதன் பக்கம் போகவும் இல்லை.

குளிர் தொடங்கியதும் காற்று அசைவதையே விட்டுவிட்டது. காலையில் ரோட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை கிடக்கும். வெயில் ஏறியும் அது கலையாது. ஸ்டாப் போய்க் காலியான இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. பஸ் நிற்காததால் லாரிகள் வேகமெடுத்துப் போயின. மாஸ்டரம்மாவின் மூச்சு மறுபடி இழுக்கத் தொடங்கியது, முன்னைவிட மோசமாக. டாக்டரிடம் மாஸ்டர், "ஸ்டாப்பைக்கூட மாத்திட்டோமே டாக்டர்," என்று குழந்தை போலக் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"பஸ் அங்க நின்னா என்ன, இங்க நின்னா என்ன? ரோடு அதே ரோடுதானேங்க."

ஒருநாள் காலை கதவு படபடவென்று தட்டப்பட்டது. தையல்காரர். கழுத்தில் டேப்பு தொங்கியது. தோளில் பட்டாணி. குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அண்ணே, அந்த மெஷினு! ஆட்டோ ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது, எல்லாம் ஜாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…"

மாஸ்டரம்மா அப்போதுதான் நெபுலைசரை முகத்தில் வைத்திருந்தார். கழற்றி, முகமூடியை வெந்நீரில் அலசி, குழந்தையின் முகத்தில் பொருத்தினார். எத்தனை மருந்து என்று தெரியாது. டாக்டரின் நம்பருக்கு மாஸ்டர் போன் போட்டுக் கேட்டு, அளவு சொல்லச் சொல்ல மாஸ்டரம்மா ஊற்றினார். புகை போல மருந்து கிளம்பியது. பட்டாணி கையையும் காலையும் உதறினாள், அழக்கூட மூச்சு இல்லை. மெல்ல மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது. தையல்காரர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாஸ்டரம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு இழுப்பதை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளே தையல்காரர் தன் வீட்டுக்கென்று அதே மாதிரி ஒரு நெபுலைசர் மெஷின் வாங்கினார். அந்த இரண்டு வீட்டிலும் காலையும் மாலையும் ஒரே சத்தம் கேட்கும், ஈ ரீங்காரம் போடுகிற மாதிரி.

புது இடத்தைப் பார்த்தபோது மாஸ்டரும் கூட நின்ற விஷயம் வெளியே வந்தது இன்ஜினியர் வாயால்தான். மனுஷர் கள்ளம் கபடமில்லாதவர். சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், "இந்த ஸ்டாப் வந்ததுக்கு மாஸ்டருக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும். எங்க வைக்கலாம்னு அவரோடதான் நின்னு பார்த்தேன்," என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் தையல்காரர் ஆபீஸுக்கு வந்தார். மாஸ்டர் அறுத்த கியர் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்ஜினியர் சார் கடைக்கு வந்தாரு."

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. துணியைக் கீழே வைத்தார்.

"எங்க வைக்கலாம்னு உங்களைக் கேட்டாராமே."

"கேட்டாரு தம்பி."

"பட்டாணி அங்க இருக்கான்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு."

தையல்காரர் கத்துவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவர் மேஜையின் விளிம்பை விரலால் அளப்பது போலத் தடவிக்கொண்டே நின்றார்.

"நான் உங்க இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன். இதையேதான் பண்ணியிருப்பேன். அதான் அண்ணே என்னால தாங்க முடியல."

போய்விட்டார். அதற்கப்புறம் எதிரே பார்த்தாலும் பேச்சில்லை. பட்டாணியை மாடிக்கு அனுப்புவதும் நின்றது. ஏன் வருவதில்லை என்று மாஸ்டரம்மா ஒருதரம்கூடக் கேட்கவில்லை. கேட்காததே மாஸ்டரை அரித்தது. கடைசியில் அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டரம்மா கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "ஜன்னலைத் திறந்தது நான்தானே," என்றார்.

குளிர் முடிவதற்குள் மாஸ்டரம்மா போய்ச் சேர்ந்தார். ஒரு மத்தியானம், ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையில். படுத்தால் மூச்சு வராது என்று அவர் சாய்ந்து படுத்தே வெகு நாளாகியிருந்தது. மாஸ்டர் அப்போது கீழே ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே வந்து பார்த்தபோது இருமல் நின்றிருந்தது. அந்த நிசப்தத்தை வைத்து ஒரு நொடி, நன்றாகத் தூங்குகிறாள் என்று நிம்மதிகூடப் பட்டார்.

சாவுக்கு வேண்டிய எல்லா அலைச்சலையும் தையல்காரர்தான் பார்த்துக்கொண்டார். டாக்டர் சான்றிதழ், வண்டி, வந்தவர்களுக்குத் தண்ணீர் எல்லாமே அவர்தான். மாஸ்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது தோளை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து மாஸ்டர் இன்ஜினியரின் ஆபீஸுக்குப் போனார். அங்கே ஏசி ஓடியது, ஜன்னல்களில் இடுக்குக்கூட இல்லாமல் ரப்பர் ஒட்டியிருந்தது.

"சார், அந்த ஸ்டாப்பைப் பழையபடி என் வாசலுக்கே கொண்டுவந்துடுங்க."

இன்ஜினியர் திகைத்தார். "எதுக்கு மாஸ்டர்?"

"இனிமே என் வீட்ல நான் ஒருத்தன்தானே. அங்க குழந்தை இருக்கு."

இன்ஜினியர் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஸ்டாப்போட நிழற்குடைக்கு டெண்டர் முடிஞ்சுருச்சு. விளம்பரக் கம்பெனிக்குக் குடுத்தாச்சு. அவங்க காலம் முடியிற வரைக்கும் யாராலயும் அசைக்க முடியாது, என்னாலயும்தான்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. அந்த ரோட்ல காத்தை மீட்டர் வச்சு அளந்தோம். உங்க வாசல்ல என்ன இருக்கோ அதேதான் அவங்க வாசல்லயும். சிக்னல்லயும் அதேதான். அன்னைக்கு நீங்க என்னைக் கேட்டிருக்கவும் வேண்டாம், நான் செஞ்சிருக்கவும் வேண்டாம்."

"அப்போ எதுவுமே மாறலையா சார்?"

"எதுவும் மாறல மாஸ்டர்."

மாஸ்டர் பஸ்ஸில் திரும்பிவந்தார். புது நிழற்குடையில் இறங்கினார். ஒரு கட்டடக் கம்பெனியின் விளம்பரம் அதில் பளபளத்தது. பச்சை மரங்களும் நீல வானமுமாக ஒரு வீடு. அதற்குக் கீழே நின்றவர்கள் கைக்குட்டையாலும் துப்பட்டாவாலும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். தையல்கடையின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெஷின் ஓடியது. தையல் மெஷினா மற்ற மெஷினா என்று அவருக்குத் தெரியவில்லை. நின்று கேட்க மனசு வராமல் நடந்துவிட்டார்.

வகுப்புகள் நிற்கவில்லை. வேறு என்ன செய்வார்? சொல்லப்போனால் கூட்டம் கூடியது. முகமூடி போட்டுக்கொண்டு பைக்கில் போய் அலுத்தவர்கள், பிள்ளைகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போகப் பயந்தவர்கள், எல்லோருக்கும் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று வேண்டியிருந்தது. மாஸ்டர் கற்றுக்கொடுத்தார். மாமனார் ஜோக்கைச் சொல்வதில்லை. அவர் சிரிக்கவைப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு காலை தையல்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவா வேண்டாமா என்கிற நிலை.

"வா தம்பி," என்றார் மாஸ்டர்.

"அண்ணே, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாப்பாவுக்கு எப்ப இழுக்கும்னு சொல்ல முடியல. திறந்த ஆட்டோவுல கூட்டிட்டுப் போறதுக்குள்ள இன்னும் மோசமாயிடுது. மூடின வண்டியிலதான் கொண்டுவரணும்னு டாக்டரும் சொல்லிட்டாரு. என் மச்சான் அவனோட பழைய காரைத் தர்றேங்கிறான்."

"பெட்ரோலா, டீசலா?"

"டீசல்தான் அண்ணே."

மாஸ்டர் சாவியை எடுத்தார்.

தையல்காரரின் கை துணியில் எவ்வளவு நிதானமோ ஸ்டியரிங்கில் அவ்வளவு பதற்றம். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு, மெதுவா. சிக்னலைத் தாண்டி, திரும்பி, மறுபடி தெருவுக்குள் வந்தார்கள். நிழற்குடைக்கு முன்னால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இவர்கள் கார் மாட்டிக்கொண்டது. புகைக்குழாய் நேராக முகத்தைப் பார்த்து ஊதியது.

"கண்ணாடிய ஏத்திக்கவா அண்ணே?"

ரோட்டுச் சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொள்கிறவர்களைக் கண்ணாடியை இறக்கியே ஓட்டவைப்பது மாஸ்டரின் வழக்கம்.

"ஏத்திக்கோ," என்றார்.

கண்ணாடிகள் ஏறின. வெளியே தையல்காரரின் மனைவி குழந்தையின் முகத்தில் ஈரத்துணியைப் போர்த்தி, கடைக்குள் அவசரமாக நுழைவது தெரிந்தது. இருவருமே பார்த்தார்கள். பஸ் கிளம்பியது. தையல்காரர் பதறிக் காலை ஒரேயடியாக எடுத்தார். கார் குலுங்கி அணைந்தது. பின்னாலிருந்து எல்லா ஹாரனும் ஒன்றாகக் கிளம்பின.

"பதறாத தம்பி," என்றார் மாஸ்டர். "மறுபடி ஸ்டார்ட் பண்ணு."